பனியில் கிடந்த நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு, லமார் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

வாழ லாயக்கில்லாத ஊர்களில் சிகாகோவும் ஒன்று என்று பத்திரிகையில் படித்துப் பயந்திருக்கிறீர்கள். இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நேற்று தெருப்பனியில் ஒரு நாற்காலி கிடந்தது. யாரோ வேண்டாமென்று எறிந்தது என நினைத்து, யாராவது வந்தால் உட்கார ஆகுமே என்று தூக்கி வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கஸிமிர் கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, கார் நிறுத்த முதுகொடியப் பனியை வாரி இடம் பண்ணிருக்கேன். நாற்காலி அதுக்குக் காவல். உங்க அலபாமாவுல இப்படி வைக்க மாட்டாங்களா?"

"அங்க பனியே கிடையாதுங்க."

சிரித்துவிட்டு நாற்காலியை வாங்கிக்கொண்டு போனார். இன்று காலை என் காருக்கும் அவரே ஓர் இடம் வாரிக் கொடுத்தார்.

நம் வீட்டு வாசலில் கிடக்கும் மடக்கு நாற்காலியை அனுப்புங்கள். என் ஒரே நாற்காலி இப்போது தெருவில், கார் வரும்வரை அந்த இடத்துக்குக் காவல் இருக்கிறது. இதை நின்றுகொண்டே எழுதுகிறேன், கால் வலிக்கிறது.

உங்கள் லமார்