தோக்சுவின் உப்பு

பொராம்,

இத்தனை காலம் வாய் மூடியிருந்தது போதும் என்று எழுதுகிறேன். நீயும் உன் கணவர் மிக்கோவும் சுகமாக இருக்க வேண்டும், அந்தப் பின்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்? இங்கே மோக்போவில் என் ரத்த அழுத்தம் என்னைப் போலவே இறங்க மறுக்கிறது, உன் அம்மா வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறாள், பயப்படாதே, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இந்த வருடம் குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாயை நான்தான் போட்டேன். உன் மாமா தோக்சு தன் உப்பளத்திலிருந்து, கசப்பு நீர் வடியட்டும் என்று மூன்று வருடம் அடுக்கி வைத்திருந்த மூட்டை ஒன்றை வழக்கம்போல வாசலில் போட்டுவிட்டுப் போனான். நான் தொடவில்லை. நான் வேண்டாம் என்ற கல்யாணத்தில் என் இடத்தில் நின்று உன்னைக் கைப்பிடித்துக் கொடுத்தவன் அவன், அதை இன்றும் மன்னிக்கவில்லை. கடைக்குப் போய் இருப்பதிலேயே சுத்தமான ஆலை உப்பை வாங்கி வந்து முட்டைக்கோஸை ஊறப்போட்டேன். எல்லாம் கொழகொழத்துப் போயிற்று. அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, வாத்தியாரே, இது கிம்ச்சியா, நனைஞ்ச காலுறையா என்று கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தோக்சு, அத்தான் செஞ்சா சுத்தமாத்தான் இருக்கும் அக்கா, தின்னத்தான் முடியாது என்றான்.

காரணம் எனக்குத் தெரியாததா? கடலுப்பில் ஒட்டிவரும் மெக்னீசியமும் கால்சியமும்தான் இலையைத் தளரவிடாமல் பிடித்து வைக்கின்றன. இயற்கையில் கலப்பில்லாத பொருள் அநேகமாக இல்லை, வைரத்திலும் பொன்னிலும்கூட வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று வருடாவருடம் வகுப்பில் சொன்னவன், அதை இயற்கையின் குறை போலவே சொன்னேன். அப்போ சுத்தமானது எங்கதான் இருக்கு சார் என்று முன்வரிசையிலிருந்து நீ கேட்டாய், பள்ளியில் அப்பா என்று கூப்பிடக் கூடாதென்று சொல்லி வைத்திருந்தேனே. ஆய்வுக்கூடத்தில், மூடி போட்ட புட்டிக்குள் என்றேன். அந்தப் புட்டியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது.

மறுபடியும் போட்டேன், தோக்சுவின் உப்பில். கடித்தால் சத்தம் கேட்கிறது. அவனிடம் சொல்லவில்லை. அந்த உப்பில் கொஞ்சம் இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் இருக்கிறது, கருப்புத் துகள்கள் கிடக்கும், பொறுக்கி எறியாதே. மிக்கோவுக்குக் காரம் குறைத்துப் போடு. இருவரும் நன்றாக இருங்கள், வசந்தத்தில் முடிந்தால் சேர்ந்தே வாருங்கள். கடைசியில் அப்பா என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அந்த இடம் இன்னும் என்னுடையதா என்று நீதான் சொல்ல வேண்டும். அதுவரை கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.