ஆர்வோவைக் கேட்டால் போதும்

ஜனவரி 9
இன்று மூன்று முறை போன் அடித்தது. மூன்றும் ரொட்டிச்சாலையிலிருந்து. நான் ஓய்வு பெற்ற பிறகும், அங்கே மாவு புளிக்காவிட்டாலும் அடுப்பு முரண்டு பிடித்தாலும் "ஆர்வோவைக் கேளு" என்பதுதான் பேச்சு. எழுத்து என் தலையில் நின்றதே இல்லை. இதுகூட நான் பேசப் பேச, ஹெல்சிங்கியிலிருந்து மகள் அனுப்பிய போன் எழுதிக்கொள்கிறது. ஆனால் அந்த அடுப்பு எந்தக் குளிர்காலத்தில் என்ன பாடு படுத்தியது என்பது அப்படியே நிற்கிறது.

போனை வைத்ததும் வீடு அமுங்கிப் போகிறது. என் மனைவி ஹெல்மி போனதிலிருந்து இப்படித்தான்.

ஜனவரி 14
ரொட்டிச்சாலை மேலாளர் கிர்சி வந்திருந்தாள். காபி கொடுத்தேன்.

"இனிமே போன் வந்தா பதிலச் சொல்லாதீங்க ஆர்வோ. 'என்ன பாத்தே, என்ன செஞ்சு பாத்தே'ன்னு திருப்பிக் கேளுங்க. நீங்க இல்லாத அன்னிக்கு இவங்க என்ன செய்வாங்க?"

"சாகப் போறேங்கிறியா?"

"மீன் பிடிக்கப் போனா என்ன செய்வாங்கன்னு கேட்டேன்."

சிரித்தேன். சரி என்றேன். அவள் போன பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் காரணம் இல்லாமல் யாரும் யாருக்கும் போன் பண்ணுவதில்லை. நானும் பண்ணியதில்லை.

ஜனவரி 20
ரொட்டிச்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அன்னெலி கூப்பிட்டாள். ரை தானிய ரொட்டி வேகும்போது வெடிக்கிறதாம். எனக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"எல்லா ரொட்டியுமா?"

"ரொட்டின்னா ரொட்டிதானே பெரியவரே!"

"போய்ப் பாத்துட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். திரும்பி வந்து, கதவுப் பக்கத்துத் தட்டுகளில் இருந்தவை மட்டும்தான் வெடித்திருக்கின்றன என்றாள். திடீரென்று, "அட! தாபியோ வண்டியில சரக்கு ஏத்தறப்ப கதவத் திறந்தே போட்டுடறான். குளிர்காத்துல மாவு மேல காஞ்சுபோகுது!"

என்ன சந்தோஷம் அந்தக் குரலில்! நான் பதில் சொன்ன காலத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

பிப்ரவரி 3
ஒரே ஒரு போன். அதுவும் சின்ன விஷயம்.

பிப்ரவரி 11
போன் இல்லை. மணி அடிக்கிறதா என்று சோதித்தேன். அடிக்கிறது.

பிப்ரவரி 19
அன்னெலி. புளித்த மாவு பொங்காமல் மந்தமாக இருக்கிறதாம். கேள்வி கேட்டால் அவளே கண்டுபிடித்துவிடுவாள் — அதோடு இந்தப் போனும் நின்றுவிடும். "அது வந்து, தண்ணி—" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க! நாங்களே பாத்துக்கறோம். வாய்விட்டுச் சொன்னா தெளியும்னுதான் கூப்பிட்டேன்."

வைத்துவிட்டாள். நல்லதுதானே? நல்லதுதான். பின்ன ஏன் எனக்கு இப்படி இருக்கு? யார்கிட்ட சொல்ல?

மார்ச் 2
பனி. பேசுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 6
நானே போன் பண்ணினேன். அன்னெலிதான் எடுத்தாள். ரொட்டி கல்லாகிவிடுகிறது என்றேன்.

"அப்படியா? என்ன பாத்தீங்க?" என்றாள், என் குரலிலேயே. பின்னால் தாபியோ சிரித்தான்.

"வாங்கறது ஒரு முழு ரொட்டி. தின்ன நான் ஒருத்தன்தான்."

சிரிப்பு நின்றது.

"அதுக்கு என்ன செஞ்சு பாத்தீங்க?"

"இப்ப போன் பண்ணினேன்."

"தாபியோ, கிர்சியக் கூப்பிடு" என்று அன்னெலி சொல்வது கேட்டது.

மார்ச் 7
நாளை வேலை முடிந்ததும் அன்னெலி, தாபியோ, கிர்சி மூவரும் நேராக இங்கே வருகிறார்கள். வீட்டில் காபிக் கோப்பை இரண்டுதான் இருக்கிறது. கடை மூடுவதற்குள் போக வேண்டும்.