சந்து முனையில் ஒரு ஹாரன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஓடினேன். ஒரு கையில் டிபன் டப்பா, இன்னொரு கையில் செருப்பு, வாயில் ஹேர்பின். முதல் பஸ் சந்து முனையிலேயே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாப் அதற்கும் கொஞ்சம் தள்ளித்தான். ஆனால் நான் சந்திலிருந்து தலைதெறிக்க ஓடி வருவேன் என்பது டிரைவருக்கு மனப்பாடம். "வந்தாச்சு மகராசி!" என்று கத்துகிறார். பஸ்ஸே சிரிக்கிறது. சிரிக்கட்டும், உட்கார இடம் கிடைத்தது.

மார்ச் 5, புதன்

பஸ் கிடைத்தும் லேட். நடுவழியில் டயர் மாற்றினார்கள்.

ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. எல்லாம் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஜனம். கொஞ்சம் தாமதமானால் பார்வையாலேயே என் ரத்தத்தை எடுத்துவிடுவார்கள். இன்சார்ஜ் மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க: "இன்னொரு தடவை லேட்டானா அந்த நாற்காலியில வேற ஆள். காரணம் எதுவும் சொல்லாதீங்க. கேஸ் தீர்ந்துச்சு, பூட்டு மாட்டிக்கிச்சு, குழாய் உடைஞ்சுது, எல்லாம் கேட்டாச்சு. உங்க வீடு இன்னும் இடியாமயா நிக்குது?"

உண்மையைச் சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் ஒரு கிடங்கில் காவல். அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் கிளம்பணும். நான் சாயங்காலம் கிளினிக் வேலையையும் முடிச்சுட்டுத் திரும்பும்போது அவர் போயிருப்பார். நாங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கிறது ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்தான் மேடம். அதுக்காக நின்னுட்டுத்தான் ஓடி வர்றேன், சில நாள் பஸ்ஸையும் விட்டுடுறேன்... சொன்னால் லேப்பே கைகொட்டிச் சிரிக்கும். வேற வேலைதான் இல்லை அவங்களுக்கு.

மார்ச் 6, வியாழன்

இவரிடம் சொன்னேன். டீயை ஊதிக்கொண்டே, "எனக்காக நிக்காதே, நீ போய்க்கோ" என்கிறார். பெரிய தியாகி! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொஞ்சம் வேகமா நடந்து வந்தா என்னவாம்? மார்க்கெட்ல இறங்கி ஆமை மாதிரி வர்றீங்க!"

"ராத்திரி முழுக்க நின்ன கால் இது" என்றார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மார்ச் 7, வெள்ளி

முடிவு பண்ணியாச்சு. திங்கட்கிழமையிலிருந்து நானும் ஒரு மனுஷி மாதிரி நடந்து போய் பஸ் ஏறப்போகிறேன்.

மார்ச் 10, திங்கள்

நாசமாப் போச்சு.

இவருக்கு டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டு முன்னாடியே கிளம்பினேன். தலை வாரி, செருப்பைக் காலில் போட்டு, ஸ்டாப்பில் தன்னந்தனியாக நின்றேன். பஸ் வந்தது. சந்து முனையில் நின்றது! ஹாரன் அடித்தது. சந்தைப் பார்த்தது. மறுபடியும் ஹாரன். நான் ஸ்டாப்பிலிருந்து இரண்டு கையையும் ஆட்டுகிறேன். விடியாத இருட்டு, ஸ்டாப்பில் விளக்கு எரிந்தால்தானே? "யோவ், இங்க இருக்கேன்யா!" யார் காதில் விழும். காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, விட்ட நேரத்தைப் பிடிக்க ஒரே மிதி. என்னைத் தாண்டிப் பறந்தது. உள்ளே அத்தனை தலையும் சந்துப் பக்கம் திரும்பியிருந்தது. எனக்காகத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, பாவிங்க!

அடுத்த பஸ்ஸில் போனேன். என் நாற்காலியில் வேறொரு பெண்.

"சீக்கிரம் வந்ததால லேட்டாயிடுச்சு மேடம்" என்று நடந்ததை அப்படியே சொன்னேன்.

மேடம் பேனாவைக் கீழே வச்சாங்க. "இவ்வளவு மட்டமா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. அதனால நம்புறேன். சத்தியமா இதுதான் கடைசி."

மார்ச் 11, செவ்வாய்

டிரைவர் என்னையே திட்டுகிறார். "சொல்லாம கொள்ளாம ஸ்டாப்ல வந்து நின்னா எனக்கு எப்படிம்மா தெரியும்?" பஸ் ஸ்டாப்பில் நிற்க முன்கூட்டியே தகவல் கொடுக்கணுமாம். இனிமேல் இரண்டு இடத்திலும் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்

நேரத்துக்குப் போகிறேன். மேடம் "குட்" சொன்னாங்க. இவர் முகத்தைப் பார்த்து நாலு நாள் ஆகிறது. தினமும் ஃபிளாஸ்க் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. எங்க பேச்சுவார்த்தை அவ்வளவுதான். வேலை தப்பிச்சுது, சரி. அதுக்குன்னு இந்த மனுஷனைப் பார்க்காமயே கெழவியாகணுமா நான்? அழுகையா வருது. எரிச்சலாவும் வருது.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டாப்பில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போனால் ஆமை.

"நீங்க எங்க இங்க?"

"பஸ்ல தூங்கி மார்க்கெட்டை விட்டுட்டேன். முழிச்சுப் பார்த்தா பஸ் இங்க எதிர்ப்பக்கம் வந்து நிக்குது."

"இது இங்க வரைக்கும் வருமா?"

"நான் இறங்கினப்புறம் அது எங்க போகுதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

இத்தனை வருஷமா! மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு அவ்வளவு தூரம் நடந்தாரே, அந்த நேரம் மொத்தமும் மிச்சம். டீ என்றால் அடுப்படியில்தான் குடிக்கணும் என்று எங்களுக்கு யார் சொன்னது? ரெண்டு மடசாம்பிராணிகள். அவசரமாக டீயைத் தேடினால் ஃபிளாஸ்க் வீட்டில் இருக்கிறது. அந்த இருட்டில் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

ஃபிளாஸ்க், இரண்டு டம்ளர். ஸ்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பஸ் வந்தது. டிரைவருக்கு இன்னும் பழக்கம் போகவில்லை. முதலில் சந்து, அப்புறம்தான் ஸ்டாப். அங்கேயே நின்று ஹாரன் அடித்தார்.

"உன்னைத்தான் தேடுறாரு" என்றார் இவர்.

"தேடட்டும்" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த டீயை இவர் டம்ளரில் ஊற்றினேன்.