குட்டிக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள். நானும் உன் அம்மாவும் சுகம், நீ எங்களிடம் விட்டுப்போன குட்டியும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

நல்ல சேதி, அந்தப் பெரிய பள்ளியில் குட்டிக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. சும்மா கிடைக்கவில்லை, அங்கே பிள்ளையைவிடப் பெற்றவர்களைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அதில் தப்பில்லை, காலமெல்லாம் கல்லூரியில் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், படித்தவர் வீட்டுப் பிள்ளைதான் படிக்கும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். நானும் உன் அம்மாவும் பேராசிரியர்களாக இருந்தும் நீ பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, வெல்டிங் பட்டறைக்காரனைக் கட்டிக்கொண்டு போனாய் பார், உன் ஒருத்தியிடம்தான் அந்தப் பழமொழி தோற்றது. குட்டியிடம் அது பலித்துத் தொலைக்கக் கூடாதே என்றுதான் என் கவலை.

தலைமையாசிரியை, குழந்தையின் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதும் குட்டி முந்திக்கொண்டு, எங்கம்மா ஃபாரின்ல சட்டைக்கு காலர் தைக்கிறாங்க, எங்கப்பா பொறி பறக்க இரும்ப ஒட்டுவாரு என்று பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. நான் சிரித்துக்கொண்டே, அது இவளுடைய அக்கா, தூக்கி வளர்த்த பாசத்தில் அம்மா என்கிறாள், பெற்றவள் இதோ இருக்கிறாள் என்று உன் அம்மாவைக் காட்டினேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், இந்த வயதில் பெற்ற வெட்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, போகப்போகச் சரியாகிவிடும். பஸ்ஸில் வரும்போது குட்டி, அப்போ அம்மா பொய்யா சொன்னாங்க தாத்தா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், சின்னப் பிள்ளைக்கு வேறெப்படிப் புரியவைப்பது. முறைப்படி தத்தெடுத்துவிட்டால் சான்றிதழிலும் எங்கள் பெயரே வந்துவிடும், வக்கீல் அனுப்பும் தாளில் இருவரும் மறக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வாரம் முழுக்க உட்காரவைத்துப் பழக்கினேன். முதலில் அழுது அடம்பிடித்தாள், இப்போது தடுமாறாமல் சொல்கிறாள், என் ரத்தமல்லவா. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது உன்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அழுது தொலைத்துக் குழந்தையைக் குழப்பாதே. சொல்லு தங்கச்சி என்று பதில் சொல்.

இருவரும் நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

உன் நன்மையையே நினைக்கும்
அப்பா