வம்பை விட்ட புரட்டாசி

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளை புரட்டாசி பிறக்கிறது. வருஷாவருஷம் இந்த மாதத்துக்கு ஏதாவது ஒன்றை விடுவது என் வழக்கம். போன வருஷம் காப்பியை விட்டேன். என் எரிச்சலைத் தாங்கமுடியாமல் இவர் காலையிலேயே நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார்.

இன்று மாலை மாட வீதி ஹாலில் உபந்யாசம். காய்கறியை விடுவதெல்லாம் சுலபம், முடிந்தால் பிற அடியார்களைக் குறை பேசுவதை விடுங்கள் என்றார் சுவாமி. தன்னைத் திட்டினால் பெருமாள் பொறுத்துக்கொள்வாராம். அடியாரைப் பேசினால் அவரிடம் போய் அழுது பிரயோஜனமில்லை. "யாரைப் பேசினேளோ, அவா மன்னிச்சாத்தான் உண்டு" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். பக்கத்தில் இருந்த பத்மாசனி முழங்கையால் என்னை இடித்து, முன் வரிசையில் தலையாட்டியபடியே தூங்கும் மாமியைக் காட்டினாள். சிரிப்பை அடக்கமுடியவில்லை.

தீர்த்தம் வாங்கும்போது என்னவோ தோன்றியது. இந்தப் புரட்டாசிக்கு இதையே விடுவது என்று மனசுக்குள் சங்கல்பம் செய்துகொண்டேன். பத்மாசனி உட்பட யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது பெருமை பீற்றுவது.

செப்டம்பர் 18, வியாழன்

பதினோரு மணிக்குத் தி.நகரிலிருந்து பத்மாசனியின் போன். அடுப்படியில் தளிகை முடிந்ததும் தினமும் நடப்பதுதான். எங்கள் பாசுர கோஷ்டியை நடத்தும் வேதவல்லி மாமி வார்த்தைகளை விழுங்குகிறாள் என்று ஆரம்பித்தாள். "ம்" என்றேன். பிறகு தன் மாட்டுப்பெண்ணைப் பற்றி. அதற்கும் "ம்". அப்புறம் பேச ஒன்றுமே இல்லை. இருபது வருஷமாக நாங்கள் தினமும் என்னதான் பேசிக்கொண்டிருந்தோம்?

உங்கள் பக்கம் மழையா என்று கேட்டேன். இல்லையாம். வைத்துவிட்டோம்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் அதே "ம்". இரண்டு நிமிஷம்கூடத் தாண்டவில்லை.

செப்டம்பர் 20, சனி

முதல் சனி. கோஷ்டியில் கொடுத்த புளியோதரையில் உப்பே இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததில் நாக்கே வீங்கிவிட்டது போலிருந்தது. பத்மாசனி என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது வேதவல்லி மாமி அக்காரவடிசலைத் தனியாக ஒரு டப்பாவில் கொடுத்து, "ஸ்ரீநிதிக்கு" என்றாள். என் பெண்ணை ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் கொஞ்ச நாள் எங்களோடு இருக்கிறாள் என்று வழக்கம்போல் விளக்கினேன். மாமியும் வழக்கம்போல் தலையாட்டினாள்.

செப்டம்பர் 22, திங்கள்

கொலு வைத்தாயிற்று. வம்பு பேசாமலிருந்தால்தான் ஒன்று புரிகிறது. அடுத்த வீட்டுக் கதையை நான் எடுத்துவிட்டால், என் வீட்டுக் கதையை யாரும் கேட்கமாட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

தையில் கல்யாணமாகிப் போன பெண் ஆனியில் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தாள். "இனிமே அங்கே போகமாட்டேம்மா." அவ்வளவுதான் சொன்னாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் நிஜமாகிவிடுமோ என்று பயம்.

செப்டம்பர் 26, வெள்ளி

பத்மாசனி கொலுவுக்கு வரவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு போனும் இல்லை. அவளுக்கு என்ன கோபம்?

செப்டம்பர் 28, ஞாயிறு

வந்தாள். சுண்டலைத் தொடவில்லை. கொலுவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அன்னிக்கே புரிஞ்சுது வகுளா. நீ வெறும் ம் ம்னுண்டு இருந்தியே."

எனக்கு ஒன்றும் தெரியாது. அவளே சொன்னாள். என் சம்பந்தி இருக்கும் அதே கே.கே. நகர் தெருவில்தான் அவள் தங்கையும் இருக்கிறாளாம். ஸ்ரீநிதி அந்த வீட்டை விட்டு வந்த விஷயம் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. ஆடி மாதம் நான் வராத ஒரு சனிக்கிழமை கோஷ்டியில் எல்லோர் எதிரிலும் பத்மாசனியே போட்டு உடைத்திருக்கிறாள். அதோடு நிறுத்தவில்லை. "அம்மாக்காரி கோஷ்டி கோஷ்டின்னு ஓடிண்டிருந்தா பொண்ணு எப்படிக் குடித்தனம் பண்ணுவா" என்றும் சொன்னாளாம்.

"நீ மன்னிச்சாத்தான் உண்டுன்னு சுவாமி சொன்னாரே. நீ ம் கொட்டின அன்னியிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை" என்றாள்.

வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

என் வளர்ப்பைச் சொல்ல இவ யாரு? இவாத்துல என்ன வாழறதாம்? இவ மாட்டுப்பொண்ணு

வேண்டாம். எழுதினாலும் அது பேச்சுதான். இதற்குக் கீழே எழுதிய நாலு வரியையும் அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்டவேண்டும். வழக்கமாகக் கொட்டுவது பத்மாசனியிடம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. அப்படியானால் ஆடியிலிருந்து கோஷ்டியில் எல்லோருக்கும் தெரியும்! நான் ஆபீஸ் கதையை விதவிதமாக அளந்தபோதெல்லாம் தெரிந்துகொண்டேதான் தலையாட்டியிருக்கிறார்கள். ஒருத்திகூடத் தூண்டித் துருவவில்லை. வேதவல்லி மாமி பாட்டுக்கு டப்பா டப்பாவாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வார்த்தையை விழுங்குகிறாள் என்று நாங்கள் கேலி செய்த அதே மாமி.

முதலில் மானம் போனதுபோல் இருந்தது. அப்புறம், காலையிலிருந்து இறுக்கிக் கட்டியிருந்த மடிசாரை அவிழ்த்ததுபோல் இருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. அப்பாடா.

அக்டோபர் 1, புதன்

ஸ்ரீநிதியிடம் சொன்னேன். எல்லோருக்கும் தெரியுமாம்டீ என்று. அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணும் வெட்கமில்லைம்மா. உனக்காகத்தான் பால்கனிக்குக்கூட வராம உள்ளேயே உட்கார்ந்துண்டிருந்தேன்."

நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் வந்தாள் என்று முதல் முறையாகக் கேட்டேன். சொன்னாள். நானும் இவரும் உட்கார்ந்து கேட்டோம். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மாப்பிள்ளையைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கும். அவள் வந்தது சரி. எனக்கு அது போதும்.

அக்டோபர் 3, வெள்ளி

பதினோரு மணிக்கு நானே பத்மாசனிக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.

"நீ சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது. மன்னிச்சுட்டேன்" என்றேன். சங்கல்பத்தையும் சொன்னேன். அதற்காகத்தான் "ம்" கொட்டினேன், எனக்கு எதுவுமே தெரியாது என்றும் சொன்னேன்.

"கடங்காரி, முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா" என்றாள். ரெண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

போனை வைக்கவில்லை. கொஞ்ச நாளாக அவளுக்குக் கால் மரத்துப் போகிறதாம், டாக்டரிடம் போகப் பயமாம். இத்தனை போனில் இதைச் சொல்ல இடமே இருந்ததில்லை. திங்கட்கிழமை அடையாறில் ஒரு டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

சர்க்கரைதானாம். மாத்திரையில் அடங்கிவிடும் என்றார் டாக்டர். திரும்பும்போது ஆட்டோவில் பத்மாசனி தூங்கிப்போனாள்.

அக்டோபர் 11, சனி

கடைசி சனி. கேசவப் பெருமாள் கோயிலுக்கு ஸ்ரீநிதியும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகவே புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நல்ல கூட்டம். வரிசையில் எங்கள் கீழ் ஃபிளாட் மாமி திரும்பிப் பார்த்து, "அட, பொண்ணு இன்னும் இங்கேதான் இருக்காளா? எப்போ திரும்பிப் போறா?" என்று கேட்டாள்.

"போகலை மாமி. இனிமே எங்களோடதான்" என்றேன்.

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசை நகர்ந்தது. ஸ்ரீநிதி என் கையிலிருந்த துளசியை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் போனாள்.