அண்ணிக்கு நான் சொல்லாமல் விட்டது

என் பிரியமான அண்ணிக்கு,

எனக்கும் புற்றுநோய் வந்துவிட்டது. உங்களுக்குக் கருப்பை வாயில் வந்தது, எனக்குக் கருப்பையிலேயே. அறுவைச் சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, ரவாங் தொழிற்சாலை அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். பயப்படாதீர்கள், நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் மருத்துவமனையில் ஒன்றைக் கேட்டேன். அன்றிலிருந்து என்னால் என்னையே நம்ப முடியவில்லை.

அது பிசியோதெரபி அறை. கதிர்வீச்சு முடிந்த பெண்களை அங்கே அனுப்புகிறார்கள். அங்கே பயிற்சி சொல்லித் தருபவள் ரொஹானா என்ற மலாய்ப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். சிறுநீரை அடக்க முடிகிறதா, இருமினால் ஒழுகுகிறதா என்று காய்ச்சலைப் பற்றிக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வழவழப்பான பிளாஸ்டிக் குழாய்கள், சுண்டுவிரல் பருமனில் தொடங்கி நான்கு அளவுகளில். டைலேட்டர் என்றாள். கதிர்வீச்சு பட்ட இடம் உள்ளே தழும்பேறி ஒட்டிக்கொள்ளும், வழி சுருங்கிப்போகும், அதனால் வாரத்தில் மூன்று நாள் ஜெல் தடவி இதை மெல்ல வைத்துப் பழக வேண்டுமாம்.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் காது சூடேறிவிட்டது. எனக்குக் கல்யாணமாகவில்லை, இது தேவைப்படாது என்றேன்.

கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன என்று அவள் கேட்டாள். டாக்டர் உள்ளே பார்த்துச் சோதிப்பதற்கு வழி வேண்டும். அது அடைத்துக்கொண்டால் சோதனை தாங்க முடியாத வலியாகிவிடும். அந்த வலிக்குப் பயந்தே சில பெண்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்றாள்.

அந்தப் பொட்டலத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன் அண்ணி. அதற்குள் இருந்ததை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்க நான் விடவில்லை.

உங்கள் கடைசிக் கதிர்வீச்சு நாள் நினைவிருக்கிறதா? ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர் நீங்கள். சந்தையில் மீன் வாங்க உங்கள் மலாய் போதும், மருத்துவமனையில் போதாது. அதனால் ஒவ்வொரு முறையும் நான் லீவு போட்டு உங்களோடு வருவேன். "நம்ம கோகி இருக்கு, எல்லாத்தையும் கேட்டுச் சொல்லும்லா" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் பெருமையடித்துக்கொள்வீர்கள்.

அன்று தாதி ரொம்ப நேரம் பேசினாள். இதே குழாய்கள், இதே ஜெல், பிரிக்காத பொட்டலமாக என் கையில் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துத் தொடங்கச் சொன்னாள். கணவரிடமும் சொல்லுங்கள், அவசரமில்லாமல் சேர்ந்திருக்கலாம், வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்றாள். கணவர் என்றால் என் கூடப்பிறந்த அண்ணன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மிஸ்ஸி என்னா சொல்றாங்க கோகி?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சுத்தமா இருக்கணுமாம். பாரம் தூக்கக் கூடாதாம்."

மலாயில் கேட்க முடிந்தது, தமிழில் சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்துக்கு உங்களிடம் சொல்லக்கூடிய சொல் ஒன்று என்னிடம் இல்லை. இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தாயிற்று, இனிமேல் இவர்களுக்கு இது எதற்கு என்று நானே முடிவு செய்தேன். நீங்கள் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது கழிவறைக்குப் போய்ப் பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கை கழுவிக்கொண்டு வந்து உங்களுக்குக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது பரிசோதனையில் திரைக்குப் பின்னாலிருந்து நீங்கள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வரும் வழியில் கார் தோட்டத்துப் பாதையில் திரும்பியதும், "இனிமே அங்க வரமாட்டேன் கோகி. மாடு மாரி கத்திட்டேன், வெக்கமா இருக்கு" என்றீர்கள். சொன்னபடியே போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

அண்ணன் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கியதும் அப்போதுதான். ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, அவருக்கு உங்கள்மேல் அருவருப்பு வந்துவிட்டது என்றீர்கள். லோரி ஓட்டிய அசதியாக இருக்கும் என்று நான் பேச்சை மாற்றினேன். இரண்டு வருடம் கழித்து இடுப்பு வலி என்று போனபோது நோய் எலும்புவரை போயிருந்தது.

இதையெல்லாம் ரொஹானாவிடம் சொன்னேன். நான் சொல்லியிருந்தால் என் அண்ணி பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். தெரியாது, அதை யாராலும் சொல்ல முடியாது என்றாள். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டு மனிதரை வைத்து இதைச் சொல்ல வைத்தது எங்கள் தப்பும்தான் என்றாள். அந்த 'தப்பும்' என்ற சொல்லை எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஆனால் குப்பைத்தொட்டி வரை நடந்தது என் கால்கள்தானே?

அந்த ஞாயிறு மதியம் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் வாசலில் லோரியின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டுக் குந்தினார்.

"தொட்டா அவளுக்கு ஒடம்பு வெறச்சிடும்," என்றார். "என்னையப் புடிக்கலனு நெனச்சேன். அதான் கூடத்துல படுத்தேன்."

பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். உள்ளே கூப்பிடவில்லை. அருவருப்பு என்று நீங்கள் நினைத்தீர்கள், பிடிக்கவில்லை என்று அவர் நினைத்தார். ஒரே கூரையின் கீழ் கடைசிவரை இப்படி இருந்திருக்கிறீர்கள். எனக்கு வழியில் காரை ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

ஐந்து வாரம் அவர் போன் எடுக்கவில்லை. போன சனிக்கிழமை அவரே ரவாங் வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. "நானும் அவள ஒரு வார்த்த கேக்கல," என்றார். "ஒன்ன மன்னிக்கிறதுக்கு அவதான் இருக்கணும். நா யாரு." போகும்போது, என் அடுத்த பரிசோதனை எப்போது என்று விசாரித்தார். தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

நான் அந்தக் குழாய்களைப் பழகிவிட்டேன் அண்ணி. மூச்சை இழுத்து வெளியே விடும்போது இடுப்பின் அடித்தசையைத் தளர்த்த வேண்டும், அதுதான் சூட்சுமம். முதல் வாரம் அழுதேன். இப்போது இரண்டாவது அளவு. அவ்வளவு கஷ்டமில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது.

தமிழ்ப் பெண்கள் வந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லி ரொஹானாவிடம் கேட்டிருந்தேன். மேலிடத்தில் சம்மதம் வாங்கிக் கூப்பிட்டாள். முதலில் ராசா என்ற ஊரிலிருந்து ஓர் அக்கா வந்தார். மொழிபெயர்க்க வந்த மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ வெளியே உட்காரும்மா என்று அவளை அனுப்பிவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை வருகிற வழி என்று சொன்னேன். ஒட்டிக்கொள்ளும் என்றேன், வீட்டுக்காரரோடு சேர்ந்திருக்கலாம் என்றேன், வலித்தால் வலிக்கிறது என்று சொல்லலாம் என்றேன். இந்த முறை வாய் வந்தது.

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்: "இத அவருகிட்ட நா எப்படிமா சொல்லுவேன்?"

அதையும் ரொஹானாவிடம் அப்படியே சொன்னேன். அவரையும் கூட்டி வாருங்கள் என்றாள். மறுவாரம் அக்காவின் வீட்டுக்காரரும் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். என்னை நம்பி என் முகத்தைப் பார்க்கும் எந்தப் பெண்ணிடமும் 'ஒண்ணுமில்ல' என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் தங்கச்சியாக நம்பிய உங்கள் நாத்தனார்,
கோகிலா