மலைப் படத்தில் நான் வெட்டிய ஓரம்

என் தங்கச்சியைக் கட்டிய பிரியத்துக்குரிய மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகிவிட்டது, போன வாரம் திதி கொடுத்தோம். உங்கள் புதுச்சத்திரம் வீட்டில் கூட்டமுங்க கூட்டம், ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். சரி, உங்களிடம் என்ன மறைப்பு, நூறு பேர் இருக்கும். அந்த நூறு பேர் முன்னாடி உங்களைப் பற்றி ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனாலும் ஒன்பதாவது வாத்தியாருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரி மலைக்கோட்டைப் படம் ஞாபகம் இருக்குதுங்களா? ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டுப் பிழைத்த மனிதர், போன இடமெல்லாம் பழைய படக்கடையைத்தான் தேடினீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படங்கள். சென்னையில் ஒரு சந்துக் கடைக்கு, என் லாரி புக்கிங் ஆபீசைப் பூட்டிவிட்டு நானும் கூட வந்தேன்.

கடைக்காரர் இரண்டு சங்ககிரி மலையை எடுத்துப் போட்டார். ஒன்று பளிச்சென்று இருந்தது. இன்னொன்று பழுப்பேறித் தேமல் விழுந்திருந்தது.

“பளிச்சுன்னு இருக்கறத எடுங்க மாப்ள. இதென்னமோ டீ கொட்டுன மாதிரி இருக்குது” என்றேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தீர்கள். “அதுல புள்ளி புள்ளியாத் தெரியுதுங்களா? மெசின்ல அடிச்சது. இதுல கோடு ஓடுது பாருங்க.” அப்புறம் என் விரலைப் பிடித்துக் காகிதத்தின் ஓரத்தில் தடவ விட்டீர்கள். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிசாக ஒரு பள்ளம். “தகடு அழுந்துன தடமுங்க. இதுதான் மச்சான் இதோட சேசிஸ் நம்பரு.”

லாரிக்காரனுக்குப் புரிகிற பாசையில் சொன்னீர்கள்; வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கிற அந்த நம்பர்தானே அசலுக்குச் சாட்சி. எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

ஊருக்கு வந்ததும் அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று டீக்கடையில் சொன்னேன். லண்டனில் இருந்து ஒரு துரை விமானம் ஏறி வந்து கேட்டதாகவும், நான் முடியாது என்று திருப்பி அனுப்பியதாகவும் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்தீர்கள். ஒரு நாளும் என்னை மறுத்துப் பேசியதில்லை. அது ஏனுங்க மாப்ள?

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, “நம்ம நிவேதா பெங்களூர்ல ஊடு பாத்ததும் இத அவகிட்டக் குடுத்துருங்க மச்சான்” என்று படத்தை என்னிடம் ஒப்படைத்தீர்கள். உங்கள் ஒரே மகளுக்கு.

நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பூச்சி அரித்துவிடுமோ என்று பயம். லைசென்சோ, ரேசன் கார்டோ, எதுவானாலும் லேமினேட் பண்ணினால்தான் நமக்கு நிம்மதி. ஜெராக்ஸ் கடை அம்மிணி படத்தைப் பார்த்துத் தயங்கினாள். “ஏனுங்ணா, இத்தன பழசு. சூட்டுல உட்டா என்னாகுமோ?”

“லண்டன் பார்ட்டிக்கே பாடம் எடுத்தவன் நானு. நீ உடு அம்மிணி.”

கவருக்குள் படம் அடங்கவில்லை. ஓரத்தை வெட்டச் சொன்னேன். நாலு துண்டும் கீழே விழுந்தது. குப்பையாகக் கிடக்க வேண்டாமே என்று ஒன்றை எடுத்தேன். விரலில் அந்தப் பள்ளம் தட்டியது. தலையைத் தூக்கிப் பார்த்தால் படம் பாதி மெசினுக்குள் போயிருந்தது.

திதியன்று பந்தி முடியும்போது நிவேதா கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளாஸ்டிக்குக்கு மேலேயே ஓரத்தில் விரலை ஓட்டினாள். அவளுக்கும் நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

“தடத்தைக் காணமுங்களே மாமா?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. “இருந்தாத்தான சாமி தெரியும். உங்கப்பாவ அந்தக் கடைக்காரன் நல்லா ஏமாத்திப்போட்டான். டூப்ளிகேட்டு. நான் அன்னைக்கே சொன்னேன்.”

“பூமிக்குள்ள தண்ணி இருக்கறதக் கண்டுபுடிச்சாரு, காயிதத்துல கோட்டை உட்டுட்டாரு” என்று பந்தியில் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாப்ள. உங்கள் போட்டோவுக்கு மாலை போட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டு சிரித்தேன்.

நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ மத்த படமெல்லாம்?” என்றாள். நான் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போய்விட்டேன்.

நேற்று தங்கச்சி போன் பண்ணினாள். சுவரில் நீங்கள் சேர்த்து மாட்டியிருந்த படங்களை எல்லாம் நிவேதா இறக்கிக் கட்டி வைத்துவிட்டாளாம். “அப்பா ஏமாந்ததத் தினமும் பாத்துட்டு இருக்க முடியாதும்மா, திங்கக்கிழமை பழைய பேப்பர்காரரு வரட்டும்” என்றாளாம்.

சேசிஸ் நம்பரை ராவி அழிப்பவனை எங்கள் தொழிலில் பக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கித் தரமாட்டோம். திருட்டு வண்டி விற்பவன் செய்கிற வேலை அது. அதை நான் உங்கள் படத்துக்குச் செய்தேன். அப்புறம் உங்களுக்கும் செய்தேன்.

நாலு துண்டும் என் பர்மிட் பைலில் பத்திரமாக இருக்கிறது. தினமும் ஒரு தடவை எடுத்துத் தடவிப் பார்க்கிறேன். பள்ளம் அப்படியேதான் இருக்குதுங்க.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் புதுச்சத்திரம் வாரேன். உங்கள் போட்டோவுக்கு முன்னால் நிவேதாவை உட்கார வைத்து, சென்னையில் நீங்கள் என் விரலைப் பிடித்த மாதிரி அவள் விரலைப் பிடித்து அந்தத் தடத்தில் வைப்பேன். “உங்கப்பா ஏமாறல சாமி. வெட்டுனது நானு” என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். அந்தப் பேச்சில் லண்டன் துரை வரவே மாட்டான்.

இப்படிக்கு,
நிவேதாவின் தாய்மாமன்,
நீங்கள் ஒரு நாளும் மறுத்துப் பேசாத
உங்கள் மச்சான், சங்ககிரி.